பெங்களூரு–சேலம் ஓட்டத்துக்கு அடாஸ் கார் தேவையா?

கேள்வி சுருக்கமாக இதுதான். எலக்ட்ரானிக் சிட்டியில் வேலை, சொந்த ஊர் சேலம். மாதம் இரண்டு முறையாவது மனைவி, நான்கு வயதுக் குழந்தையோடு காரில் ஊருக்குப் போய் வர வேண்டும். புதுக் கார் எடுக்கும் நேரத்தில், ஒரே மாடலில் அடாஸ் (ADAS: கேமரா, ரேடார் வைத்து ஓட்டுகிறவருக்கு உதவும் அமைப்புகள்) உள்ள வேரியன்ட்டுக்கும் இல்லாததற்கும் ஒன்றரை லட்சம் வித்தியாசம். "சில்க் போர்டு ஜாமில் அது என்னத்தைக் கிழிக்கும்?" என்கிறார் மச்சான். "கார் தானா பிரேக் போடும் சார், நீங்க சும்மா உட்கார்ந்தா போதும்" என்கிறார்கள் ஷோரூமில். பணத்தைக் கொடுக்கலாமா? ஊரில் அப்பா ஓட்டும் பழைய காருக்கும் இப்படி ஏதாவது வெளியில் வாங்கி மாட்டலாமா?

முதலில் பதில்: உங்கள் ஓட்டத்துக்குக் கொடுக்கலாம். மச்சான் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. ஷோரூமில் சொன்னதில் அதைவிடக் குறைவு. நான் பெங்களூருவில் கார் பிரேக் சம்பந்தமான எலக்ட்ரானிக்ஸ் வேலையில் இருப்பவன். இந்தச் சாமான்கள் மேல் கொஞ்சம் பாசம் இருக்கத்தான் செய்யும். அதைக் கழித்துக்கொண்டு படியுங்கள்.

அடாஸ் என்பது ஒரு கருவி இல்லை. விளம்பரத் தாளில் பதினைந்து, இருபது வசதிகள் என்று வரிசையாகப் போட்டிருப்பார்கள். அவற்றில் விபத்தைக் குறைப்பதாக நிரூபணமானவை நாலைந்துதான், மற்றவை சௌகரியம். இரண்டையும் ஒன்றாகக் கட்டி விற்பதால்தான் இத்தனை குழப்பம்.

அந்த நாலைந்தில் தலையாயது தானியங்கி அவசர பிரேக். ரியர்வியூ மிரருக்குப் பின்னால் முன் கண்ணாடியை ஒட்டி ஒரு கேமரா இருக்கும். பம்பருக்குள்ளோ கிரில்லுக்குப் பின்னாலோ 77 கிகாஹெர்ட்ஸ் ரேடார் ஒன்று இருக்கும். (சில கார்களில் கேமரா மட்டும்தான்.) எதிரே இருப்பது காரா, பைக்கா, ஆளா என்று கேமரா பார்க்கிறது, எவ்வளவு தூரத்தில், என்ன வேகத்தில் என்று ரேடார் அளக்கிறது. இதே வேகத்தில் போனால் இன்னும் எத்தனை நொடியில் இடிப்போம் என்ற கணக்கு விடாமல் ஓடிக்கொண்டே இருக்கும். அந்த நேரம் குறையக் குறைய முதலில் பீப் சத்தம், அப்புறம் பிரேக் லைனில் முன்கூட்டியே அழுத்தம் ஏற்றுவது, பிறகு லேசான பிரேக், கடைசியில் முழு பிரேக். நடுவில் நீங்கள் ஸ்டியரிங்கை வெட்டினாலோ ஆக்ஸிலரேட்டரை மிதித்தாலோ பெரும்பாலான கார்களில் அது ஒதுங்கிக்கொள்ளும். ஓட்டுகிறவர் விழித்துக்கொண்டார் என்று எடுத்துக்கொள்ளும்.

இதனால் பலன் உண்டா என்பதற்கு நல்ல ஆதாரம் அமெரிக்காவில் இருக்கிறது. அங்கே இன்சூரன்ஸ் கம்பெனிகளின் பணத்தில் நடக்கும் ஐஐஎச்எஸ் என்ற ஆய்வு நிறுவனம், இந்த பிரேக் உள்ள கார்களையும் இல்லாதவற்றையும் போலீஸ் விபத்துப் பதிவுகளை வைத்து ஒப்பிட்டது. முன்னால் போகும் வண்டியில் போய் முட்டும் விபத்துகள் ஏறக்குறைய பாதியாகக் குறைந்திருந்தன. பிரேக் போடாமல் எச்சரிக்கை மட்டும் கொடுத்த கார்களில் குறைவு 27 சதவீதம்தான். கத்துவதற்கும் காலை வைத்து அழுத்துவதற்கும் உள்ள வித்தியாசம் அது. லேன் விலகல் எச்சரிக்கை அது தொடர்பான விபத்துகளை 11 சதவீதமும், பக்கவாட்டு மறைவில் வரும் வண்டியைக் காட்டுவது 14 சதவீதமும் குறைத்தன. மோசமில்லை, ஆனால் பிரேக்கோடு ஒப்பிட முடியாது.

அந்த ஆய்வுகளில் உங்களுக்கு இன்னும் முக்கியமான ஒன்று இருக்கிறது. நடந்து போகிறவர்களைக் கண்டு பிரேக் போடும் வசதி, அவர்கள் மேல் மோதும் விபத்துகளை மொத்தத்தில் 27 சதவீதம் குறைத்தது. ஆனால் தெருவிளக்கு இல்லாத இருட்டுச் சாலையில் மட்டும் எடுத்துப் பார்த்தால் வித்தியாசமே தெரியவில்லை. வெள்ளிக்கிழமை ராத்திரி வேலை முடித்து அத்திபள்ளி டோல் தாண்டி, சூளகிரி, கிருஷ்ணகிரி, தர்மபுரி என்று போகிறவர் இதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். அங்கே ஹைவேயை இருட்டில் குறுக்கே கடக்கிற ஆட்கள் உண்டு, எதிர்த்திசையில் விளக்கில்லாமல் வரும் பைக்கும் உண்டு.

வேகக் கணக்கு ஒன்றைப் பார்த்துவிடலாம், இதில்தான் விஷயமே இருக்கிறது. மணிக்கு 80 கிலோமீட்டரில் போகும் கார் நொடிக்கு 22 மீட்டர் நகரும். எதிரே ஆபத்தைப் பார்த்து, மூளை புரிந்துகொண்டு, கால் பிரேக்குக்குப் போக ஒன்றரை நொடி என்று வைத்தால் அதற்குள்ளேயே 33 மீட்டர் போய்விடும். நல்ல டயர், உலர்ந்த சாலை என்றால் நிற்க இன்னும் சுமார் 35 மீட்டர். மொத்தம் 70 மீட்டருக்குள் நின்றுவிடலாம். அதே ஆள், அதே கார், 100 கிலோமீட்டர் வேகம்: பிரேக்கில் கால் படும்போதே 42 மீட்டர் காலி. 80-இல் வந்த கார் நின்ற அந்த 70-ஆவது மீட்டரைத் தொடும்போது இந்தக் கார் இன்னும் ஏறக்குறைய 70 கிலோமீட்டர் வேகத்தில் இருக்கும். பிரேக் போட்ட பிறகும் 70 கிலோமீட்டர் வேகத்தில் மோதல்! ஓட்டுகிறவர் அந்த நொடியில் பின் சீட்டுக் குழந்தையைத் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தால் இன்னும் மோசம். அவசர பிரேக் சம்பாதித்துக் கொடுப்பது இந்த ஒன்றரை நொடியில் ஒரு பகுதியைத்தான், இயற்பியலையே மாற்றிவிடாது. 2022-இல் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் இறந்ததாக மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கை சொல்கிறது. அதில் 70 சதவீதத்துக்கும் மேல் அதிவேகக் கணக்கில் வருகிறது. பின்னாலிருந்து மோதிய விபத்துகள் மட்டும் மொத்தத்தில் ஐந்தில் ஒன்று.

சரி, அடாஸுக்கு முன்னால் பார்க்க வேண்டிய ஒன்று இருக்கிறது. ஷோரூமில் அதைப் பற்றி யாரும் வாயைத் திறக்க மாட்டார்கள், ஏனென்றால் திரையில் காட்ட எதுவும் இல்லை. இஎஸ்சி, சில கம்பெனிகள் இஎஸ்பி என்பார்கள். வளைவிலோ ஈரத்திலோ கார் வழுக்கித் திரும்ப ஆரம்பித்தால், நான்கு சக்கரங்களில் எது தேவையோ அதற்கு மட்டும் தனியாக பிரேக் கொடுத்து நேராக்கும். 1995-இல் போஷ் தயாரித்து மெர்சிடிஸ் எஸ் கிளாஸில் வந்தது. 1997-இல் மெர்சிடிஸின் சின்னக் காரான ஏ கிளாஸ், ஸ்வீடனில் ஒரு பத்திரிகை நடத்திய சோதனையில், திடீரென்று விலகித் திருப்பும்போது கவிழ்ந்துவிட்டது. அதன்பின் அந்தக் கம்பெனி அந்த மாடலுக்கே இஎஸ்சியைக் கட்டாயமாகக் கொடுத்தது. பெரிய பணக்காரக் காரின் சாமான் சின்னக் காருக்கு இறங்கியது இப்படி ஒரு அவமானத்தால்தான். தனியாகக் கட்டுப்பாடு இழந்து சாவு நேரும் விபத்துகளை இது ஏறக்குறைய பாதியாகக் குறைக்கிறது என்று அதே ஐஐஎச்எஸ் கணக்கு. அமெரிக்காவில் 2012 மாடல்களிலிருந்து எல்லாக் கார்களுக்கும், ஐரோப்பாவில் 2014 முதல் எல்லாப் புதுக் கார்களுக்கும் இது கட்டாயம். தொப்பூர் கணவாயில் மழை நேரத்தில் இறங்குகிறவருக்கு நான் முதலில் கேட்கும் கேள்வி அடாஸ் உண்டா என்பதில்லை, இஎஸ்சி உண்டா என்பதுதான். தவிர, அவசர பிரேக் வேலை செய்வதே இஎஸ்சியின் பம்பு வழியாகத்தான். அடாஸ் உள்ள காரில் இது இருக்கும். அடாஸ் இல்லாததை எடுத்தால் இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள்.

இன்னும் மலிவானது ஒன்று: குழந்தை சீட். நான்கு வயதுக் குழந்தையை மனைவி மடியில் வைத்துக்கொண்டு போவதாக இருந்தால், அந்த ஒன்றரை லட்சத்தைப் பற்றிப் பேசுவதே வீண். காரின் சீட்டிலேயே பொருத்தியிருக்கும் ஐசோஃபிக்ஸ் கொக்கியில் மாட்டும் சீட் சில ஆயிரங்களில் கிடைக்கிறது. பின் சீட்டிலும் பெல்ட் போட வேண்டும். 2022 செப்டம்பரில் பால்கர் அருகே டாடா சன்ஸின் முன்னாள் தலைவர் சைரஸ் மிஸ்திரி இறந்தது மெர்சிடிஸ் காரில். பின் சீட்டில் பெல்ட் போடாமல் இருந்தார். அதே ஆண்டு பெல்ட் போடாமல் இறந்தவர்கள் நாடு முழுக்க 16,000-க்கும் மேல்.

இனி மச்சானின் பாதி உண்மை. பத்து கிலோமீட்டருக்கு அரை மணி நேரம் ஆகிற ஊர் இது. அவுட்டர் ரிங் ரோட்டில் முன் காருக்கும் உங்களுக்கும் ஒரு கார் இடைவெளி விட்டால், அதில் இரண்டு பைக்கும் ஒரு ஆட்டோவும் நுழைந்துவிடும். முன் காரின் வேகத்துக்கு ஏற்பத் தானே வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் அடாப்டிவ் க்ரூஸ் கண்ட்ரோலைப் போட்டால் ஒவ்வொரு முறையும் கார் பின்வாங்கி பிரேக் போடும், பின்னால் வருகிறவர் ஹாரன் அடித்தே கொன்றுவிடுவார். சிட்டிக்குள் அதை அணைத்து வையுங்கள். அது பாதுகாப்பு வசதியே இல்லை, சௌகரியம். லேனை நடுவில் பிடித்து ஓட்டித் தருவதோடு அதைச் சேர்த்துக் கொடுக்கும் பாதி தானியங்கி ஓட்டம் விபத்தைக் குறைத்ததற்குத் தெளிவான ஆதாரம் இல்லை என்று 2024-இல் ஐஐஎச்எஸ் சொல்லிவிட்டது. நம் சாலையிலோ லேன் கோடு கிருஷ்ணகிரி வரை இருக்கும், அப்புறம் சாலை வேலை நடக்கும் இடத்தில் பழைய கோடும் புதுக் கோடும் குறுக்கே ஓடும். ஸ்டியரிங் கையைப் பிடித்து இழுக்கிற மாதிரி இருக்கும். எரிச்சலாக இருந்தால் அணைத்துவிடுங்கள், குற்ற உணர்ச்சி வேண்டாம். அவசர பிரேக்கை மட்டும் அணைக்காதீர்கள். அது அடிக்கடி கத்துகிறது என்றால் எச்சரிக்கை நேரத்தைத் தாமதமாக வைக்கும் அமைப்பு பெரும்பாலான கார்களில் உண்டு.

நம் ஊர்ப் போக்குவரத்துக்கு இந்தக் கேமராக்கள் பழகிவிட்டனவா என்றும் சிலர் கேட்கிறார்கள். ஆரம்பத்தில் இவற்றுக்குப் பாடம் நடத்தியது ஐரோப்பிய நகரங்களின் படங்கள். அதில் ஆட்டோவே கிடையாது. ஐஐஐடி ஹைதராபாத் வெளியிட்ட இந்தியச் சாலைப் படத்தொகுப்பில் ஆட்டோவும் சாலையில் திரியும் விலங்கும் தனி வகைகளாக வந்தன. அதற்கான 10,000 படங்கள் எடுத்தது ஹைதராபாத்திலும் நம் பெங்களூருவிலும்தான். நிலைமை தேறியிருக்கிறது. ஆனால் கரும்பு ஏற்றி இருபுறமும் பிதுங்கி நிற்கும் டிராக்டரைப் பின்னாலிருந்து பார்த்தால் மனிதனுக்கே குழப்பம்.

உங்கள் பாதையில் நான் பயப்படுவது நின்றுகொண்டிருக்கும் லாரியைப் பார்த்துத்தான். பஞ்சர் ஆகி, பின் விளக்கு எரியாமல், சாலை லேனிலேயே கல்லை முட்டுக் கொடுத்து நிற்கும். ரேடாருக்கு அசையும் பொருள் எளிது. அசையாததில் பாலத் தூண், போர்டு, ஓரத் தடுப்பு எல்லாம் எதிரொலி தரும்; ஒவ்வொன்றுக்கும் பிரேக் போட்டால் ஓட்டவே முடியாது என்பதால் அதிக வேகத்தில் இந்த அமைப்புகள் நிற்கும் பொருளை நம்பத் தயங்கும். 100-இல் போனால் முழுக்க நிறுத்திவிடும் என்று எண்ணாதீர்கள். பல கார்களில் மோதும் வேகம் குறையும், அவ்வளவுதான். 80-இல் போனால் அதற்கும் வாய்ப்பு, உங்களுக்கும் வாய்ப்பு.

சந்தையைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஒன்றரை லட்சம் ஏன் என்று. இந்தியாவில் இது பரவிய வேகம் ஆச்சரியமானது. 2020 கடைசியில் எம்ஜி குளோஸ்டர், 2021-இல் மஹிந்திரா எக்ஸ்யூவி 700, 2022-இல் ஹோண்டா சிட்டி ஹைப்ரிட். 2024 டிசம்பரில் ஹோண்டா அமேஸ் போன்ற நான்கு மீட்டருக்குட்பட்ட செடானிலேயே வந்துவிட்டது. நான்கே ஆண்டில் பெரிய எஸ்யூவியிலிருந்து சின்ன செடான் வரை. ஆனால் சட்டம் இதைத் தள்ளவில்லை, போட்டிதான் தள்ளியது. அதனால் சன்ரூஃப், காற்று வரும் சீட்டு, பெரிய திரையோடு மேல் வேரியன்ட்டில் உட்கார்ந்திருக்கிறது. நீங்கள் கொடுக்கும் ஒன்றரை லட்சத்தில் கேமராவுக்கும் ரேடாருக்கும் போவது ஒரு பங்குதான், மீதி சன்ரூஃபுக்கும் தோல் சீட்டுக்கும்.

ஏபிஎஸ்ஸும் (பிரேக் போடும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காப்பது) ஏர்பேக்கும் ஒரு காலத்தில் இப்படித்தான் டாப் எண்ட் சங்கதியாக இருந்தன. 2019-இல் ஏபிஎஸ்ஸும் ஓட்டுநர் ஏர்பேக்கும் கட்டாயம், 2021-இல் பக்கத்து சீட்டுக்கும் ஏர்பேக் என்று ஆனபிறகு அடிமட்ட வேரியன்ட்டிலும் பேச்சில்லாமல் வருகின்றன. அவசர பிரேக்கை ஐரோப்பா 2022 ஜூலையில் புது மாடல்களுக்கும் 2024 ஜூலையில் எல்லாப் புதுக் கார்களுக்கும் கட்டாயமாக்கியது. அமெரிக்கா 2024-இல் போட்ட விதியில் 2029 செப்டம்பர் வரை நேரம் கொடுத்தது. அதனால் ஆண்டுக்கு 360 உயிராவது மிஞ்சும் என்று அவர்கள் மதிப்பீடு. இங்கே 2023 அக்டோபரில் தொடங்கிய, கார்களை மோதவிட்டு நட்சத்திரம் கொடுக்கும் பாரத் என்கேப் சோதனை ஓரளவு தூண்டியது. மூன்று நட்சத்திரமும் அதற்கு மேலும் வாங்க இஎஸ்சி இருந்தே ஆக வேண்டும் என்றது. கம்பெனிகள் வரிசையாக அதைக் கொடுக்க ஆரம்பித்தன. அவசர பிரேக்குக்கு அந்த முதல் வடிவத்தில் மதிப்பெண் இல்லை. ஐந்து நட்சத்திரம் என்பது மோதிய பிறகு காப்பதைச் சொல்கிறது, மோதாமல் காப்பதை அவ்வளவாகச் சொல்வதில்லை.

என் தனிப்பட்ட கருத்து: இந்தச் சாமானை முதலில் மாட்ட வேண்டியது உங்கள் காரில் இல்லை, உங்களுக்கு முன்னும் பின்னும் போகும் லாரியில். 2024 டிசம்பர் 21 அன்று பெங்களூருவை அடுத்த நெலமங்கலா அருகே, பாதுகாப்புக்கே பெயர் போன ஒரு ஸ்வீடன் கம்பெனியின் பெரிய எஸ்யூவி மேல் கண்டெய்னர் லாரி கவிழ்ந்து ஒரே குடும்பத்தில் ஆறு பேர் இறந்தார்கள். அந்தக் காரில் எந்த அடாஸும் எதுவும் செய்திருக்க முடியாது. கனரக லாரி, பஸ்ஸுக்கு அவசர பிரேக்கும் தூக்கக் கலக்க எச்சரிக்கையும் லேன் எச்சரிக்கையும் கட்டாயமாக்க 2025-இல் மத்திய அரசு வரைவு விதி கொண்டுவந்தது. நல்லது. ஆனால் தொப்பூர் இறக்கத்தில் டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் இறக்குகிற பழக்கத்துக்கு ரேடார் மருந்தாகாது. அங்கே வேறு வழி பார்க்க வேண்டும். மைசூரு எக்ஸ்பிரஸ்வேயைப் பாருங்கள். 2023-இல் திறந்த பிறகு சாவு எகிறியது. பைக், ஆட்டோ, டிராக்டருக்குத் தடை போட்டு, கேமரா வைத்து வேகத்துக்கு அபராதம் போட்டபின் கணிசமாகக் குறைந்தது. அதில் எந்தக் காருக்கும் புதிதாக எதையும் மாட்டவில்லை.

வாங்கிய பிறகு சில விஷயம். முன் கண்ணாடி உடைந்து மாற்றினால் கேமராவைத் திரும்ப அளவு சரிசெய்ய வேண்டும். அதைச் செய்த ரசீதைக் கேட்டு வாங்குங்கள், இன்சூரன்ஸிலும் அது சேருமா என்று முன்பே பாருங்கள். பம்பர் அடிபட்டு டிங்கரிங் பெயிண்டிங் செய்தால் ரேடார் மறைப்பின் மேல் கனமாகப் பெயிண்ட் ஏற்ற விடாதீர்கள். முன்னால் இரும்பு கார்டு வைக்கவே கூடாது. 2017-லிருந்தே தடை, ரேடாரையும் ஏர்பேக் சென்சாரையும் கெடுக்கும். ஆயுத பூஜைக்கு வாழைக்கன்று கட்டி, கண்ணாடியில் சந்தனம் குங்குமம் வைத்து, கிரில்லில் மாலை போட்டு ஓசூர் ரோட்டில் கிளம்புவோம் இல்லையா, டேஷ்போர்டில் சென்சார் மறைந்திருக்கிறது என்று மஞ்சள் விளக்கு வரும். கார் கெட்டுவிடவில்லை. கும்பிட்டு முடித்ததும் கேமரா இருக்கும் இடத்தையும் ரேடார் முகத்தையும் துடைத்துவிட்டுக் கிளம்புங்கள்.

டெஸ்ட் டிரைவில் அவசர பிரேக்கைச் சோதித்துப் பார்க்கிறேன் என்று அட்டைப் பெட்டியை நிறுத்தி ஓட்டுகிற வீடியோக்களைப் பார்த்து நீங்களும் இறங்க வேண்டாம். அட்டைப் பெட்டியை அது வண்டி என்று நம்ப வேண்டிய கட்டாயம் இல்லை. அதற்குப் பதில் ராத்திரியில் ஒரு டெஸ்ட் டிரைவ் கேளுங்கள். ஹெட்லைட் எவ்வளவு தூரம் போகிறது என்று பாருங்கள்.

கடைசியாக அப்பாவின் கார். வெளியில் விற்கும் டேஷ்கேம் வகை அடாஸ் கருவிகள் கத்தும், பிரேக் போடாது. பிரேக்கோடு அதற்கு இணைப்பே இல்லை. 27 சதவீதம் என்று மேலே சொன்னது கூட காரோடு பிறந்த எச்சரிக்கைக்குத்தான், ஒட்டிவைக்கிற கருவிக்கு அல்ல. அப்பாவுக்கு அந்தச் சத்தம் பிடிக்காமல் வயரைப் பிடுங்கிவிடுவார் என்பது என் ஊகம். அந்தப் பணத்துக்கு டயரின் வயதைப் பாருங்கள். பக்கவாட்டில் தயாரித்த வாரமும் ஆண்டும் நான்கு இலக்கத்தில் இருக்கும். ஐந்தாறு ஆண்டு தாண்டியிருந்தால் நான்கையும் மாற்றிக் கொடுங்கள், பிரேக் ஆயிலையும் மாற்றச் சொல்லுங்கள். பின் சீட் பெல்ட் கொக்கி சீட் கவருக்கு அடியில் புதைந்து கிடக்கும், அதையும் வெளியே எடுத்து வையுங்கள்.